கிட்டாருக்குள் ஒட்டிய சீட்டு

அத்தியாயம் 19

போன வாரம் ஏணியில் ஏறிய பெயிண்டர் இன்னும் இறங்கின பாடில்லை.

கடைப் பலகையில் 'கிட்டார் பழுது பார்க்கப்படும், வாங்கப்படும், விற்கப்படும்' என்ற வரியை முடித்துவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர் பெயரையும் எழுதியாயிற்று. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டுவிட்டு, மூலையில் தன் சொந்த யோசனையாக ஒரு பருந்தை வரைந்துகொண்டிருந்தார்.

அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "ஏண்ணே, இது பருந்தா, கோழியா?"

"இன்னும் மூக்கு வைக்கலம்மா. மூக்கு வச்சா பருந்தாயிடும்."

"மூக்கு வச்சா கிளியாயிடப் போகுது. பார்த்து வைங்க."

பருந்து என்பது அவள் தம்பிக்கு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, ஏதோ ஒரு மாடியில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கிட்டாரின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "அது எழுபது வருஷத்துப் பழசு, இறங்கு" என்பான். இறங்கிப் போய்ப் பார்த்தால் எழுபது வருஷத்துப் பழசாகத்தான் இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கண்ணை வேறு யாரிடமும் பார்க்க முடியாது.

அவள் வீட்டுக்காரருக்குப் பட்டப்பெயர் காது. தெருவில் யாராவது கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும்போது அது லேசாக முனகினால் போதும், உள்ளே எந்த மரச்சட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று பட்டறையில் இருந்தபடியே சொல்லிவிடுவார். வாய்தான் அதிகம் திறக்காது.

கண்ணையும் காதையும் ஒரே பலகையில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் பதினோரு வருஷத்து ஆசை. அப்பா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த தம்பி அவன். கடைக்காக நாயாக அலைகிறான், ஆனால் இன்னும் அதில் பங்குதாரன் இல்லை. கேட்கும்போதெல்லாம் அவள் வீட்டுக்காரர், "மச்சானுக்குக் கண்ணு இருக்கு. பார்க்கலாம்" என்பார். அந்தப் 'பார்க்கலாம்' பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம்தான் அது முடிவுக்கு வந்தது. தம்பி ஒரு துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்த கிட்டாரை, காது ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். தேன் நிறத்துக்குக் கறுத்த மரம், விளிம்பு முழுக்க மெல்லிய பின்னல் வேலை. அதைச் செய்த பட்டறையில் இந்த மாதிரி மொத்தமே நாற்பதுதான் செய்தார்களாம். கடைசியில் எழுந்து, "பெயிண்டரைக் கூப்பிடு. மச்சான் பேரையும் சேர்த்துடலாம்" என்றார்.

இன்று நாலு மணிக்கு, கடையின் பழைய வாடிக்கைக்காரரான பல் டாக்டர் வந்து அந்தக் கிட்டாரை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. வியாபாரம் முடிந்த கையோடு பெயரை எழுதிவிட வேண்டியதுதான். காலையிலிருந்து அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் மேலே போனால் நடந்தது புரியாது.

இந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கிட்டாருக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். காது தன் கையால் பென்சிலில் எழுதி, ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்ளே ஒட்டுவார். எங்கிருந்து வந்தது, என்ன பழுது பார்த்தோம், என்ன தேதி, மூன்றே வரி. முதல் வரியில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்: வியாபாரி அல்லது வீடு.

"வியாபாரிகிட்ட எவ்வளவு வேணா பேரம் பேசு. அவனும் தொழில் தெரிஞ்சவன். வீட்டுக்குப் போனா, அது என்ன பொருள், என்ன பெறும்னு முதல்ல சொல்லு. சொன்னதுக்கு அப்புறம் வாங்கு." அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான் என்று அக்கா கேலி செய்வாள். இந்தப் பேச்சால் கைவிட்டுப் போன கிட்டார்கள் எத்தனையோ. விலை தெரிந்ததும் பாதிப் பேர் விற்கமாட்டேன் என்றுவிடுவார்கள். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் மாதிரி ஆட்கள் வேறு கடைக்கே போவதில்லை.

இந்தக் கிட்டாருக்குள் நேற்றே சீட்டு ஒட்டியாயிற்று. தம்பி சொன்னபடி, முதல் வரியில் 'வியாபாரி' என்று.

பதினோரு மணிக்குத்தான் ஓர் அம்மா வந்தாள்.

ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைக்க மறந்து பஸ் ஏறியிருக்கிறாள். ஒரு கையில் கடையின் விலாச அட்டை, இன்னொரு கையில் கைக்குட்டையில் கட்டிய பிஸ்கட் டப்பா.

"இந்த அட்டையில இருக்கிற கடை இதுதானேம்மா?"

"ஆமாங்க. உட்காருங்க."

"உட்கார நேரமில்ல. வெட்டின துணி வெட்டினபடி கிடக்கு. போன வாரம் ஒரு தம்பி எங்க வீட்ல பழைய கிட்டார் ஒண்ணு வாங்கினாரு. ஒல்லியா இருப்பாரு, பேசறப்ப மூக்கைத் தேய்ச்சுக்குவாரு."

மூக்கைத் தேய்க்கிற ஒல்லி இந்தக் கடையில் ஒருவன்தான்.

"உங்க வீட்லயா?" என்றாள்.

"ஆமா. எங்கண்ணனோடது. ஓட்டல்ல சாயங்காலம் வாசிப்பான். போய் ஒரு வருஷமாச்சு. தைக்கிற ரூம்ல இன்னொரு மெஷின் போட இடமில்லன்னு குடுத்துட்டேன்." டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தாள். "நேத்து பீரோவை நகர்த்தினப்ப இது கிடைச்சுது. முன்னாடி ஒரு தடவை, சாவியெல்லாம் இறுகிப்போச்சுன்னு சொல்லி வேற புதுசு போட்டான். பழசை அவன் தூக்கிப் போடவே மாட்டான்."

டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுமேல் கம்பியை முறுக்கும் சாவிகள் ஆறு, அவற்றின் திருகாணிகளோடு, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

அக்கா பதினெட்டு வருஷமாக இந்தக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். அது என்னவென்று அவளுக்குத் தெரியும். கிட்டாரோடு பிறந்த சாவிகள். இவை இல்லை என்பதால்தான் டாக்டர் பாதி விலைக்குப் பேசியிருந்தார்.

"அந்தத் தம்பி காசு குடுத்து வாங்கியிருக்காரு" என்றாள் தையல்காரம்மா. "நான் பாதிச் சாமானை வீட்ல வச்சுக்கிட்டு மீதியை வித்திருக்கேன். நல்லாவா இருக்கு? அதான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அக்கா கேட்டாள். "எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

"ஒரு பழைய தையல் மெஷின் வாங்கற அளவுக்கு. முதல்ல கொஞ்சம் கூடத்தான் சொன்னேன். அந்தத் தம்பி அதை மடியில வச்சு ஒரு பாட்டு வாசிச்சாரு பாருங்க, எனக்குக் கண்ணே நிறைஞ்சுபோச்சு. வாசிக்கிற கைக்குத்தானே போகுதுன்னு குறைச்சுக்கிட்டேன்."

டாக்டர் பேசியிருந்தது ஒரு புதுக் காரின் விலை. அதுவும் சாவிகள் இல்லாமல்.

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும், இரண்டே வாக்கியம். அக்கா வாயைத் திறந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெயிண்டரின் கால்கள் ஏணியில் தெரிந்தன. அந்தக் கால்களுக்கு மேலே, பலகையில், தம்பியின் பெயருக்காக விட்ட இடம் வெள்ளையாக இருந்தது.

"டீ குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

"வேண்டாம்மா. அந்தத் தம்பிகிட்ட சேர்த்துடுங்க." தையல்காரம்மா கதவுவரை போய்த் திரும்பினாள். "நல்லா வாசிக்கச் சொல்லுங்க."

அவள் தெருமுனை திரும்பும் வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் கவனித்தாள். தடுப்புக்குப் பின்னால் பட்டறையில் மரம் தேய்க்கும் மெஷின் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஓடத் தொடங்கியது.

தம்பி வந்தபோது மணி பன்னிரண்டரை. புதுச்சட்டை போட்டிருந்தான். பெயிண்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே நுழைந்தவனை அக்கா கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே காலி அட்டைப்பெட்டிகள்தான் இருக்கும். யாரும் வரமாட்டார்கள்.

"எந்த வியாபாரிகிட்டடா வாங்கின?"

அவன் மூக்கைத் தேய்த்தான். "ஏங்க்கா?"

"தையல்காரி வியாபாரியா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பருந்தாயிற்றே, சட்டென்று சுதாரித்துக்கொண்டான்.

"சரி, வீடுதான். ஆனா ஒரு பொய்கூட நான் சொல்லல. அவங்க ஒரு விலை கேட்டாங்க, நான் ஒரு விலை கேட்டேன், அவங்க ஒத்துக்கிட்டாங்க. கத்தியைக் காட்டியா வாங்கினேன்?"

"உங்க மாமாகிட்ட சொன்னது பொய் இல்லையா?"

"மாமாகிட்ட சொன்னா பதினோரு வருஷமா நடக்கறதுதான் நடக்கும். நான் கண்டுபிடிப்பேன், அவரு விலையைச் சொல்லுவாரு, அவங்க கதவைச் சாத்திக்குவாங்க." ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளினான். "அக்கா, இந்தக் கண்ணு சும்மா வரல. இருபது வருஷம் காயலான் கடை கடையா ஏறி இறங்கியிருக்கேன். முதல் மாசச் சம்பளத்துல நான் வாங்கினது போலி. வித்தவனுக்கு அது நல்லாவே தெரியும். எவனாவது வந்து திருப்பிக் குடுத்தானா? தெரியாம வாங்கினா அது என் தலையெழுத்து, தெரிஞ்சு வாங்கினா மட்டும் பாவமா? அந்தம்மா வீட்லயே இருந்திருந்தா அது இன்னும் ரெண்டு வருஷத்துல செல்லரிச்சுப் போயிருக்கும். அதைக் காப்பாத்தினதே நான்தான்."

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. முழு அயோக்கியத்தனமாக இருந்தால் ஒரு அறை விட்டு முடித்திருப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "அந்தம்மா உன்கிட்ட, இது என்ன பெறும்னு கேட்டாங்களா?"

அவன் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தான்.

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பழைய சாமான்தானேக்கா, மரம் நல்ல மரம்னு சொன்னேன்."

"பூசி மெழுகியிருக்க."

"ஆமா."

அக்கா முந்தானைக்குள் வைத்திருந்த டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். திறந்து பார்த்தவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். ஒரு சாவியை விரல் நுனியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அவன் கண் அதைப் படித்துக்கொண்டிருந்த அழகை, அந்த நேரத்திலும் அக்காவால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

"இதை எங்கே பிடிச்ச?"

"அந்தம்மா கொண்டு வந்து குடுத்தாங்க. முழுசாக் குடுக்கலையேன்னு மனசு கேக்கலையாம். ரெண்டு பஸ் மாறி வந்தாங்க. நீ நல்லா வாசிக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க."

அவன் சாவியைப் பஞ்சுமேல் வைத்தான். மூடியைப் போட முயன்றான். மூடி இரண்டு முறை நழுவியது. பிறகு டப்பாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகவே போய்விட்டான். மோட்டார் பைக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

எங்கே போகிறான்? சாவியை இப்போதே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி விலையை ஏற்றப்போகிறானோ என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. வளர்த்த பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு போய்க் கல்லாவில் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குக் காது வெளியே எட்டிப் பார்த்தார். "மச்சான் எங்க?"

"வெளியில போயிருக்கான்."

அவர் அவளை ஒரு நொடி பார்த்தார். வேறு ஏதாவது சொல்லப்போகிறாளா என்று காத்திருப்பது போலிருந்தது. அவள் துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். அவர் உள்ளே போய்விட்டார்.

பல் டாக்டர் நாலு அடிக்க ஐந்து நிமிஷத்துக்கு வந்துவிட்டார். கையில் வழக்கம்போல, நோயாளிகளின் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி. கிட்டாரின் உட்புறத்தையும் அதை விட்டுத்தான் பார்ப்பார். வாய்க்கும் கிட்டாருக்கும் தனித்தனிக் கண்ணாடி வைத்திருப்பதாகச் சத்தியம் செய்வார்.

"ஆகா" என்றார் கிட்டாரைப் பார்த்ததும். சின்ன டார்ச்சை அடித்துச் சீட்டைப் படித்தார். "வியாபாரி. சரி. உங்க சீட்டு இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். காது தன் கைவிரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கைப்பைக்குள் கையை விட்டார்.

வாசலில் மோட்டார் பைக் வந்து நின்றது.

தம்பி இறங்கினான். பின்னால் இருந்து, புடவையை இழுத்துச் சரி செய்துகொண்டு, தையல்காரம்மா இறங்கினாள். கழுத்தில் அதே டேப். முகத்தில் காலையில் பார்த்த கனிவு இல்லை. பெயிண்டர் பிரஷை டப்பாவில் போட்டுவிட்டு ஏணியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே வந்ததும் அவள் கிட்டாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"சொல்லு தம்பி. எங்க வீட்டு வாசல்ல நின்னு சொன்னதை இங்க இவங்க முன்னாடி சொல்லு."

அவன் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. கண்டதும் அது என்னவென்று தெரிந்துவிட்டது என்றான். அவள் கேட்டதைச் சொன்னான், தான் சொன்ன மழுப்பலைச் சொன்னான். வாசித்துக் காட்டினால் விலை இறங்கும் என்று தெரிந்தேதான் வாசித்தேன் என்றான். மாமாவிடம் வியாபாரி என்று சொன்னதையும் சொன்னான்.

"இது என்ன பெறும்னு அன்னைக்கு நீங்க கேட்டீங்க. இப்ப சொல்றேன். டாக்டர் ஒரு புதுக் காரோட விலை தர்றதா இருந்தாரு. நீங்க கொண்டு வந்த சாவியோட சேர்த்தா ரெண்டு கார். இது இப்பவும் உங்களுதுதான்."

தையல்காரம்மா கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் உட்கார நேரமில்லை என்றவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா நான் அம்மாகிட்டயே நேரா..."

"கொஞ்சம் இருங்க டாக்டர்" என்றார் காது.

அவர் எழுந்து பட்டறைக்குள் போனார். இதோ, பதினோரு வருஷமும் போயிற்று, இனி தம்பி இந்தப் படியை மிதிக்க முடியாது என்று அக்கா நினைத்தாள். அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு ஈரத்துணியும், மெல்லிய வளைந்த கத்தியும் இருந்தன. இரண்டையும் தம்பியிடம் நீட்டினார்.

"துணியைச் சீட்டு மேல வச்சு பத்து நிமிஷம் விடணும். அவசரப்பட்டா மரம் கீறிடும்."

இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் ஒட்டிய ஒரு சீட்டைக்கூட எடுத்ததில்லை.

தம்பி கம்பிகளைத் தளர்த்தி, ஒல்லிக் கையை உள்ளே விட்டுத் துணியை வைத்தான். பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. டாக்டர் சுவரில் மாட்டியிருந்த கிட்டார்களை எண்ணினார். ஏணியில் இருந்த பெயிண்டர் கண்ணாடிக் கதவு வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குமேல் தாங்க முடியாமல் அக்காதான் வாயைத் திறந்தாள்.

"இந்தத் தப்புல என்னையும் சேர்த்துக்கணும். காலையில பதினோரு மணியிலிருந்து எனக்குத் தெரியும். உங்ககிட்ட கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டு, சொல்லாம டீ குடிக்கச் சொன்னேன். மன்னிச்சுடுங்க."

தையல்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "தம்பிக்காகவா?"

"ஆமாங்க."

"எங்கண்ணனுக்காக நானும் நிறையத் தடவை வாயை மூடியிருக்கேன்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

காது மெதுவாகச் சொன்னார். "எனக்கும் பதினோரு மணிக்குத் தெரியும். மெஷினை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். மச்சான் சொல்லுவான்னும் பார்த்தேன். டாக்டர் கைப்பைக்குள்ள கையை விட்டதும் நானே சொல்ல வாயெடுத்தேன். பைக் சத்தம் கேட்டுச்சு. வண்டியில ரெண்டு பேரு வர்ற சத்தம்."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோபப்படவும் முடியவில்லை. அவர் காதுக்கு அந்த நிமிஷம் ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது அக்காவுக்கு.

சீட்டு ஒரே துண்டாக வந்தது. மரத்தில் ஒரு கீறல் இல்லை. காது புதுச் சீட்டை எடுத்து எழுதப் போனார். தம்பி கையை நீட்டினான்.

"நான் எழுதறேன் மாமா."

முதல் தடவையாக அந்தப் பென்சில் கைமாறியது. அவன் மேசைமேல் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல அழுத்தி அழுத்தி எழுதினான். எழுதியதை டாக்டர் சத்தமாகப் படித்தார்.

"வீடு. தையல்காரம்மாவின் அண்ணனுடையது. என்ன பெறும் என்று அந்தம்மா கேட்டார். நான் சொல்லவில்லை."

காது பென்சிலை வாங்கினார். அந்த வரிக்குக் கீழே இரண்டே சொல் சேர்த்தார்: 'இன்று சொன்னார்.'

எழுதிய கையோடு அதை ஒட்டியும் விட்டார். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி அழவில்லை, ஆனால் மூக்கைத் தேய்த்த தேய்ப்பில் அது சிவந்தே போய்விட்டது.

தையல்காரம்மா எழுந்து கிட்டாரை எடுத்து அதன் துணிப்பையில் போட்டாள். பிஸ்கட் டப்பாவையும் மறக்காமல் தம்பியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"டாக்டர், நீங்க வாசிப்பீங்களா?"

"எங்கம்மா நேரம். சுவர்ல மாட்டி வைப்பேன். கண்ணாடி போட்டு, தூசி படாம."

"எங்கண்ணன் ஒரு நாளும் இதைச் சுவர்ல மாட்டினதில்ல." சற்று யோசித்தாள். "விக்கறதா வேண்டாமான்னு இன்னைக்குச் சொல்ல மாட்டேன். உங்க காசு மெஷினுக்குப் போயிடுச்சு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிடறேன்."

"திருப்ப வேண்டாங்க" என்றான் தம்பி.

"அதையும் இன்னைக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "என்னை வீட்ல கொண்டு போய் விடு. ஏத்திக்கிட்டு வந்தவன் நீதானே."

காது வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். "பெயிண்டர், அந்தப் பேரை எழுதுங்க."

அக்காவால் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. பெயிண்டர் பிரஷைத் தோய்த்து, வெள்ளை இடத்தில் முதல் எழுத்தின் வளைவைத் தொடங்கினார். பதினோரு வருஷத்து ஆசை நீலப் பெயிண்டில் வளைந்து இறங்குவதை அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக் பக்கத்தில் நின்ற தம்பியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நிறுத்துங்க" என்றான்.

பிரஷ் அப்படியே நின்றது. அவன் படியேறித் திரும்பி வந்து காதின் எதிரில் நின்றான்.

"மாமா, இது ஒண்ணு மட்டும் இல்ல. வியாபாரின்னு நான் சொல்லி நீங்க எழுதின சீட்டு இன்னும் நாலு இருக்கு. நாலும் வீடு." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினான். "அதுல ரெண்டு உங்க சுவர்ல இருக்கு டாக்டர்."

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தையல்காரம்மா கிட்டார் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

யாரும் அவனைக் கேட்கவில்லை. சொல்லாமலே இருந்திருந்தால் இன்னும் அரை மணியில் அவன் பெயர் பலகையில் ஏறியிருக்கும். அவனைத் தூக்கி வளர்த்த அத்தனை வருஷத்தில், அக்கா இன்று போல ஒரு நாளும் அவனைப் பார்த்துப் பெருமைப்பட்டதில்லை.

பெயிண்டர் மேலேயிருந்து கேட்டார். "அப்ப நான் இறங்கட்டுமா, இருக்கட்டுமா?"

காது உள்ளே போய்ச் சீட்டுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பென்சிலைச் சீவி, முனையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"முதல் வீட்டு விலாசத்தைச் சொல்லு, மச்சான்."